தகரப் பெட்டியில் ஒரு தீர்வை ரசீது

உங்கள் வீட்டில் தாத்தா காலத்துத் தகரப் பெட்டி இருக்கிறதா? பழைய இரும்புக்குப் போடுமுன் அடிவரை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

என் அத்தை சிங்கப்பூர் குவீன்ஸ்டவுனில் இருக்கிறார். வயது எண்பத்தாறு. மாமா ரயில்வேக்காரர். 1932இல் ரயில்வேத் தொழிலாளர்கள் வைத்துக் கும்பிட்ட முனீஸ்வரன் கோயில், இடம் மாறி இப்போது காமன்வெல்த் டிரைவில் இருக்கிறது. அந்தப் பக்கம் ஓடிய ரயிலும் 2011இல் நின்றுவிட்டது. போன வருடம் பள்ளி விடுமுறையில் ஜோகூரிலிருந்து பாலம் தாண்டிப் போனேன். அத்தை பெட்டியைத் திறந்து நாலு காகிதங்களை எடுத்தார்.

நிலத் தீர்வை ரசீதுகள். கடைசி ரசீதில் 'பசலி 1350'. பசலியோடு 590 கூட்டினால் ஆங்கில வருடம் வரும். அதாவது 1940-41.

தாத்தா 1937இல் கப்பலேறியவர். மறுவருடமே இந்திய அரசு மலாயாவுக்கு ஆள் அனுப்புவதை நிறுத்திவிட்டது. பால்வெட்டிச் சம்பாதித்ததில் தீர்வைக்குப் பணம் அனுப்புவாராம். அண்ணன்காரர் கட்டிவிட்டு ரசீதைத் தபாலில் போடுவாராம். 1942இல் ஜப்பான்காரன் வந்தான், கடிதம் நின்றது.

"நான் லயத்துல பொறந்தவடா. அந்தக் கெணத்தக் கண்ணால பாத்ததில்ல. உங்க தாத்தா சொல்லிச் சொல்லி அதுல எத்தனை படின்னு எனக்குத் தெரியும்" என்றார் அத்தை.

ரசீதில் ஊர்ப் பெயர் இருந்தது, ஜில்லா திருச்சி என்று இருந்தது. ஆனால் பெரம்பலூர் பக்கத்து ஊர்கள் 1995இல் தனி மாவட்டமாகிவிட்டன. நீங்கள் தேடும்போதும் இதைக் கவனியுங்கள். பின்பக்கம் பென்சிலில் குறித்திருந்த சர்வே எண்ணைத் தமிழ்நாட்டு அரசின் இணையதளத்தில் போட்டேன், ஒன்றும் கிடைக்கவில்லை. 1979 முதல் 1987 வரை அங்கே நிலப் பதிவுகளைப் புதுப்பித்தபோது வயல்களை உட்பிரிவு செய்து புதுப் பட்டா கொடுத்திருக்கிறார்கள். கிராம அலுவலரிடம் 'அ' பதிவேடு என்று ஒன்று உண்டு. நேரில் போனேன். அதில்தான் பிடி கிடைத்தது.

பட்டா, தாத்தாவின் அண்ணன் மகன் பெயரில் இருந்தது. எனக்குச் சித்தப்பா முறை. வயது எழுபத்தெட்டு. நான் யாரென்று சொன்னதும் முகம் வெளுத்துவிட்டது. உள்ளே போனவர் தண்ணீர்ச் செம்போடு வருவார் என்று பார்த்தேன். பத்திரக் கட்டோடு வந்தார்.

"பங்கு கேட்டு வந்தீங்களாப்பா? ரெண்டு ஏக்கர் புஞ்சைதான். மக்காச்சோளம் போட்டிருக்கேன், கடன் இருக்கு" என்றார். கட்டை அவிழ்க்கும் கை நடுங்கியது.

வெட்கமாய்ப் போய்விட்டது எனக்கு. பங்கு என்ற நினைப்பு பஸ்ஸில் வரும்போது எனக்கும் ஓடாமல் இல்லை, மறைப்பானேன்! ரசீதுகளை அவர் கையில் கொடுத்தேன். தம் அப்பாவின் கையெழுத்தைப் பார்த்துவிட்டு வெகுநேரம் பேசவில்லை. பிறகுதான் தண்ணீர் வந்தது.

குவீன்ஸ்டவுனுக்குக் கைப்பேசியில் கூப்பிட்டேன்.

"அக்கா..." என்றார் சித்தப்பா. அதற்குமேல் வார்த்தை வரவில்லை.

அத்தை நிலத்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "தம்பி, கெணத்துல தண்ணி கெடக்கா?" என்றார்.

"இல்லக்கா, வத்திப்போச்சு. பக்கத்துல போர் போட்டிருக்கேன். படி மட்டும் அப்படியே இருக்கு."

"எத்தனை படி, எண்ணிச் சொல்லு."

சித்தப்பா கைப்பேசியைக் காதோடு பிடித்தபடி வரப்பில் இறங்கி நடந்தார்.