அஸருக்குப் பிறகு மணக்கும் அத்தர்

அத்தரைக் குப்பியில் மோந்து பார்த்து வாங்கக் கூடாது. கொழும்பு கொட்டாஞ்சேனையில் எங்கள் வீதிக்கு வந்துபோன அத்தர் நானாவின் சட்டம் அது. வெள்ளைச் சாரம், தொப்பி, கக்கத்தில் ஒரு மரப்பெட்டி. பெட்டியைத் திறந்தால் விரலளவு குப்பிகள் வரிசையாக இருக்கும். ஒவ்வொரு மூடியின் அடியிலும் ஒரு கண்ணாடிக் குச்சி. அந்தக் குச்சியால் மணிக்கட்டில் ஒரு கோடு இழுத்துவிட்டு, மூக்கைக் கொண்டுபோகும் எங்களைக் கையால் தடுப்பார்.

"இப்ப மோக்காதீங்க தம்பி. அஸருக்குப் பொறகு பாருங்க."

அறுபதுகளின் கொட்டாஞ்சேனையில் அஸர் என்றால் பின்னேரம் என்று எங்கள் வீட்டிலும் எல்லோருக்கும் தெரியும். பொன்னம்பலவாணேசர் கோயில் மணியும் கொச்சிக்கடை அந்தோனியார் கோயில் மணியும் பள்ளிவாசல் பாங்கும் கேட்டுத்தான் அந்த வீதியில் நேரம் பார்த்தோம். காலையில் பூசியதைப் பின்னேரம் மோந்தால் குப்பியில் இருந்தது அங்கே இருக்காது. அதன் மூத்த உறவு ஒன்று மணிக்கட்டில் உட்கார்ந்திருக்கும். காசு அதற்குத்தான் என்பது நானாவின் கட்சி.

அவர் சொன்னதன் காரணம் எனக்கு வெகுகாலம் கழித்தே விளங்கியது. கடையில் விற்கும் சென்ட்டில் பெரும்பங்கு அற்ககோல். தோலில் பட்டதும் அது பறந்துவிடும். பறக்கும்போது வாசனையின் மேற்பகுதியையும் அள்ளிக்கொண்டு போகும். அடித்த கணமே அறை முழுக்க மணப்பது அதனால்தான். அத்தரில் அற்ககோல் இல்லை. எண்ணெய் தோலின் சூட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கி, இலேசான வாசனைகளை முதலிலும் கனமானவற்றைக் கடைசியிலும் விடுகிறது. தோலின் மேற்பரப்பில் சாதாரணமாக 32, 33 பாகை செல்சியஸ் சூடு இருக்கும். தோடை, எலுமிச்சை ஆகியவற்றுக்கு மணம் தரும் லிமொனீன் அந்தச் சூட்டில் அரை மணித்தியாலம் நின்றாலே பெரிது. ரோஜாவும் மல்லிகையும் சில மணித்தியாலம் பிடிக்கும். சந்தனத்தின் சாண்டலோல் பாரமானது, எழும்ப மனமில்லாதது. விளக்கு வைத்த பிறகும் மணிக்கட்டில் அதுதான் மிஞ்சும்.

இது எல்லார் தோலுக்கும் பொதுவான கதை. ஆளுக்கு ஆள் மாறுவது இன்னொரு கதை. எனக்கு நெஞ்சில் நிற்பது அதுதான்.

அம்மம்மாவும் சித்தியும் ஒரே குப்பியிலிருந்து ரோஜா அத்தர் பூசுவார்கள். அம்மம்மாவுக்கு வறண்ட தோல். எண்ணெய் பட்டதும் குடித்துவிடும். ஒரு மணித்தியாலத்தில் ரோஜா போய், அடியில் கிடந்த சந்தனக் கட்டை மட்டும் மெல்ல வெளியே வரும். நெற்றித் திருநீறும் வெற்றிலையும் அதனோடு சேரும். சித்திக்கு எண்ணெய்த் தோல். அவரில் ரோஜா பின்னேரம் வரை நின்று தேன்போலத் தடிக்கும். இருவரும் அருகருகே பாயில் இருந்தாலும், கண்ணை மூடிக்கொண்டு எது யார் என்று நான் சொல்லிவிடுவேன். தோலின் இயற்கையான எண்ணெய் வாசனையைப் பிடித்து வைக்கும், வறண்ட தோல் அதை விரைவில் விட்டுவிடும் என்பதை நானா எந்தப் பள்ளிக்கூடத்திலும் படித்திருக்க மாட்டார். ஆனாலும் அம்மம்மாவிடம், "தேங்காயெண்ணெய் ஒரு சொட்டுத் தடவிட்டு மேல பூசுங்க அம்மா, உங்கட தோல் காஞ்ச தோல்," என்பார். சித்தியிடம் ரோஜாவை விடச் சொல்லி வெட்டிவேரைக் காட்டுவார். சித்தி கேட்டதில்லை.

வெட்டிவேர் ஐயாவுக்குப் போனது. நல்ல வெட்டிவேர்த் தைலத்தில் ஒரு பச்சைச் சாயல் இருக்கும். செப்புப் பாத்திரத்தில் வடிப்பதால் வருவது அது. ஐயாவுக்குத் துறைமுகத்தில் வேலை. விடிய ஒரு துளியைப் பஞ்சில் நனைத்துக் காது மடலுக்குள் செருகிக்கொண்டு போவார். நானா பழக்கிவிட்ட பழக்கம். காது மடல் கக்கத்தைப்போல் வியர்த்து வழியாது. பஞ்சோ எண்ணெயைச் சிறுகச் சிறுகத்தான் விடும். சாயந்தரம் ஐயா வீடு திரும்பும்போது வெட்டிவேரோடு கப்பல் எண்ணெய், தார், கயிறு, கடலுப்பு எல்லாம் கலந்து வரும். வியர்வை சுரக்கும்போது அதற்கென்று பெரிய வாடை கிடையாது. தோலில் குடியிருக்கும் கிருமிகள் அதைச் சிதைக்கும்போதுதான் மணம் பிறக்கிறது. அந்தக் கிருமிக் கூட்டம் ஆளுக்கு ஆள் வேறு. ஆகவே ஐயாவின் வெட்டிவேர் ஐயாவில் மட்டும்தான் இருந்தது. அவர் காலமான பிறகு அதே தைலத்தை வாங்கி என் காதில் வைத்துப் பார்த்தேன். வேர் மணத்தது. ஐயா வரவில்லை.

நானாவின் பெட்டியில் விலை சொல்லாமல் காட்டும் குப்பி ஒன்று இருந்தது. மண் அத்தர். உத்தரப் பிரதேசத்துக் கன்னோசியில் சுட்ட களிமண்ணை வாலையில் இட்டு வடிப்பது. முதல் மழைக்கு மண் மணக்கிற அந்த மணம். 1964இல் அவுஸ்திரேலிய விஞ்ஞானிகள் இருவர் மழை மணத்துக்கு 'பெட்ரிகோர்' என்று பெயர் சூட்டியபோது, இந்த இந்திய அத்தரையும் தங்கள் கட்டுரையில் குறிப்பிட்டார்கள். நானா அதைப் பெரியவர்கள் கையில் மட்டும் தொட்டு வைப்பார்.

கன்னோசியின் முறையை இங்கே சொல்லியாக வேண்டும், ஏனென்றால் தொலைந்துபோனது எது என்பது அதில்தான் இருக்கிறது. செப்பு அண்டாவில் பூவும் நீரும். மூடியைச் சுற்றிக் களிமண் பூச்சு. கீழே விறகும் சாணி வறட்டியும். ஆவி மூங்கில் குழாய் வழியே இறங்கி, தண்ணீர்த் தொட்டியில் அமிழ்ந்திருக்கும் இன்னொரு செப்புக் கலத்துக்குள் போகும். அந்தக் கலத்தில் முன்கூட்டியே சந்தன எண்ணெய் காத்திருக்கும். பூவின் ஆவி அதில் அடங்கும். அடுத்த நாள் புதுப் பூ, அதே சந்தனம். இப்படிப் பல நாள். பிறகு தோற்குப்பியில் ஊற்றி வைத்தால் எஞ்சிய ஈரம் தோல் வழியே கசிந்து போகும். எந்தப் பூவின் அத்தரானாலும் அடியில் சந்தனம் இருந்தது என்பதுதான் விஷயம். பூ பறந்த பிறகு தோலில் நின்றது அதுவே. அம்மம்மாவின் பின்னேர மணமும் அதுவே.

அந்தச் சந்தனம் இன்று மிக அரிது. மைசூரில் திப்பு சுல்தான் அதை அரசுக்குரிய மரமாக்கினார். முதல் உலக யுத்தத்தால் ஐரோப்பாவுக்குக் கட்டை ஏற்ற முடியாமல் போனபோது, 1916இல் மைசூர் சமஸ்தானம் தானே எண்ணெய் வடிக்கத் தொடங்கியது. அதன் பின் காடு மெலிந்தது, களவு பெருகியது, விலை ஏறியது. விலை ஏற ஏறக் கன்னோசியிலும் பல வாலைகள் சந்தனத்தைக் கைவிட்டுத் திரவப் பாரபினையும் வேறு இரசாயன எண்ணெய்களையும் அடியில் வைத்தன. பாரபினுக்கென்று மணம் இல்லை. அது பூவைப் பிடித்து வைக்கும், பூ போன பிறகு காட்ட அதனிடம் ஒன்றும் கிடையாது. இன்று புறக்கோட்டை இரண்டாம் குறுக்குத் தெருவில், சிவப்புப் பள்ளிவாசலைச் சுற்றியுள்ள கடைகளில் விதவிதமான குப்பிகள் மின்னுகின்றன. மலிவான ரோஜா ஒன்றை வாங்கிப் பூசி அஸர் வரை பொறுத்திருந்தால், மணிக்கட்டில் இருப்பது வெறும் பிசுக்கு. நானாவின் சட்டம் அதனிடம் செல்லுபடியாகாது.

நாங்கள் பிறகு வெள்ளவத்தைக்கு மாறினோம். கடல் பக்கம் போகும் ஒழுங்கையொன்றில் வீடு. ஆடிவேல் காலத்தில் செட்டியார் தெருவிலிருந்து தேர் காலி வீதியால் வரும். கரும்புக் கட்டு, கற்பூரம், பன்னீர், வியர்த்த கூட்டம். அதற்குள்ளும் சித்தி எங்கே நிற்கிறார் என்று மூக்கால் கண்டுபிடிப்பேன். அம்மம்மா போய்ச் சில ஆண்டுகளான பின்பும் அவருடைய அலுமாரிக்குள் ரோஜா இருந்தது. துணி தோலைப்போல் சூடேறாது. அதனால் தோலில் ஒரு பொழுதில் முடிவது சேலை மடிப்பில் ஆண்டுக்கணக்கில் கிடக்கும். அம்மா அந்த அலுமாரியை அடிக்கடி திறக்க விடமாட்டார்.

1983 ஆடியில் தமிழருக்கு எதிரான கலவரத்தில் எங்கள் வீட்டை எரித்தார்கள். அலுமாரியும் அதில் போனது. வெள்ளவத்தையில் எத்தனையோ வீடுகளுக்கு அன்று நடந்ததுதான் எங்களுக்கும் நடந்தது; எங்கள் துயரம் மட்டும் பெரியது என்று நான் சொல்லமாட்டேன். பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரியில் அகதியாக இருந்த நாட்களில் குளிக்கத் தண்ணீர் போதவில்லை, மாற்றுச் சட்டை இல்லை. எல்லார் மேலிலும் புகை வாடை. பயந்த உடம்பின் வியர்வை வேறு மாதிரி இருக்கும் என்பதை அங்கேதான் அறிந்தேன். சித்தியின் கைப்பைக்குள் ஒரு தாழம்பூ அத்தர்க் குப்பி தப்பி வந்திருந்தது. பக்கத்தில் இருந்த பெண்களை ஒவ்வொருவராகக் கை நீட்டச் சொல்லி ஒரு பொட்டு வைத்துக்கொண்டே போனார். ஒருவர் அழுதார். ஒருவர் வேண்டாம் என்று கையை இழுத்துக்கொண்டார். தாழம்பூ கொஞ்சம் முரட்டு வாசனை, புகையையும் மீறியது. ஒவ்வொரு மணிக்கட்டிலும் வேறு வேறாக மணத்தது. அவரவர்க்கென்று அன்று மிஞ்சியிருந்தது அது ஒன்றுதான் என்று இப்போது நினைக்கிறேன்.

சித்தி கனடாவுக்குப் போய்விட்டார். இங்கிருந்து யாராவது போகும்போது அத்தர் கொடுத்தனுப்புவேன். தொலைபேசியில் ஒரே முறைப்பாடு: "இஞ்ச இது மணக்குதில்லை ராசா. பனிக்குத் தோல் வெடிக்குது. பூசினா எங்க போகுதெண்டே தெரியேல்லை." அத்தரில் பிழை இல்லை. குளிரில் வாசனை எழும்பாது. சூடாக்கிய அறைக் காற்று தோலை உலர்த்திவிடும். கொழும்பின் புழுக்கத்தில் மணிக்கட்டு ஈரப்பதமாகவே இருக்கும், அத்தர் அதில் தாராளமாக எழும். ஸ்காபரோவில் சித்தியின் எண்ணெய்த் தோல் அம்மம்மாவின் தோலாகிவிட்டது. வயதும் சேர்ந்துகொண்டது.

நான் இப்போது கல்கிசையில் இருக்கிறேன். ரயில் பாதைக்கு அப்பால் கடல். காற்று ஓயாது, பூசியதை ஒரு கணம் நிற்கவிடாமல் அள்ளிக்கொண்டு போகும். இங்கே மெல்லிய மல்லிகை எடுபடாது, அடிக்கனம் உள்ளதுதான் வேண்டும். அரபு நாட்டில் வேலை செய்து திரும்பும் இளைஞர்கள் ஊத் பூசுகிறார்கள். நம் பழந்தமிழர் கூந்தலுக்குப் புகையிட்ட அகிலின் குடும்பம்தான் அது. சிலப்பதிகாரத்து மாதவி நீராடும் இடத்தைப் படித்தவர்களுக்கு, பத்துத் துவரும் ஐந்து விரையும் முப்பத்திரண்டு ஓமாலிகையும் ஊறிய நீர் நினைவிருக்கும். இலங்கையின் ஈரவலயக் காடுகளில் வளரும் வல்லப்பட்டை மரத்திலும் அதே அகில் பிசின் விளைகிறது என்பது 2012 அளவில் வெளியே தெரியவந்தது. அதன்பின் கட்டுநாயக்க விமான நிலையத்தில் வல்லப்பட்டையோடு பிடிபட்டவர்கள் பலர். சந்தனத்துக்கு நேர்ந்தது இதற்கும் நேரும் என்ற பயம் எனக்கு உண்டு.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். தன் மேல் பூசிய அத்தர் தன் மூக்குக்குச் சற்று நேரத்தில் மறைந்துவிடும். மூக்கு ஒரே மணத்துக்குப் பழகி அதை விட்டுவிடுவது இயற்கை. ஆகவே அம்மம்மாவின் பின்னேர மணம் அம்மம்மாவுக்குத் தெரிந்திருக்காது. ஐயாவின் வெட்டிவேர் ஐயாவுக்குத் தெரிந்திருக்காது. அவர்கள் தாங்கள் அறியாமலே அதை எங்களிடம் கொடுத்துவிட்டுப் போனார்கள். அதை வைத்திருப்பவர்கள் நாங்கள் சிலர்தான், எங்கள் மூக்கும் வயதோடு தேய்கிறது.

கொட்டாஞ்சேனை, புதுக்கடை, மருதானை, தெஹிவளைப் பக்கத்து வீடுகளுக்கு மரப்பெட்டியோடு வந்த நானாமாரின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்னும் இந்த நகரத்தில் இருப்பார்கள். இதைப் படிப்பவர்களில் அவர்களை அறிந்தவர்கள் இருந்தால், உங்கள் வாப்பா எந்த அத்தரை எங்கிருந்து எடுத்தார், எந்தத் தோலுக்கு எதைக் கொடுத்தார் என்று கேட்டு எழுதி வையுங்கள். சொல்லக்கூடியவர்களுக்கு இப்போது எண்பது வயதுக்கு மேல் இருக்கும்.