நடிகனுக்குரிய காலம்

மண்முனைத்துறையில் புதிய பாலம் திறக்கப்பட்ட 2014ஆம் ஆண்டில், ஒருநாள் மாலை, வாவியைக் கடந்து படுவான்கரையிலுள்ள எங்கள் பெரியப்பாவின் வீட்டுக்குச் சென்றிருந்தேன். ஒரு காலத்தில் 'பாதை'யின் வரவுக்காகக் கரையிலே காத்திருந்து கடந்த அதே நீரைச் சில நிமிடங்களிற் கடந்துவிட்ட மகிழ்ச்சி எனக்கு. வீட்டினுள்ளே தொலைக்காட்சியில் மகாபாரதம் நடந்துகொண்டிருந்தது. இந்தியில் எடுக்கப்பெற்று, தமிழிற் குரல்மாற்றி விஜய் தொலைக்காட்சி ஒளிபரப்பிய தொடர் அது. பெரியப்பா இளமையில் வடமோடிக் கூத்திலே துரியோதனனுக்கு ஆடியவர். திரையில் துரியோதனனாகத் தோன்றிய அர்பித் ராங்காவின் நிமிர்ந்த தோள்களைச் சிறிது நேரம் உற்றுப் பார்த்தார்.

"நிலை நல்லா இருக்கு மனே. ஆனா வாய் ஒரு பக்கம் போகுது, சொல் ஒரு பக்கம் போகுது. ஆடுறவன் ஒருத்தன், பேசுறவன் வேற ஒருத்தன். இதில துரியோதனன் ஆரு?"

அன்று நான் சிரித்துவிட்டு வந்தேன். ஆயினும் அக்கேள்வி என்னைவிட்டு அகலவில்லை. தொலைக்காட்சி நாடகங்களின் தரம் கெட்டுவிட்டது என்று விரிவுரையாளர் ஓய்வறையிலும் மாணவர் விடுதியிலும் நாம் அடிக்கடி பேசிக்கொள்கிறோம். கதையைக் குறை கூறுகிறோம். கண்ணீரைக் குறை கூறுகிறோம். நடிகனுக்கு என்ன நேர்ந்தது என்று கேட்பவர் அரியர். பெரியப்பா கேட்டது அதனைத்தான்.

கூத்திலே நடிகன் உருவாகும் முறையை இங்கு நினைவுகூர்தல் பொருந்தும். வயல்வேலை ஓய்ந்த காலத்தில் ஊர் கூடும். அண்ணாவியார் ஒவ்வொருவனுடைய குரலையும் உடல்வாகையும் நோக்கி இன்னாருக்கு இன்ன பாத்திரம் எனத் தீர்மானிப்பார். அவனவனுக்குரிய பாட்டும் வசனமும் எழுதப்பெற்ற ஏட்டை முறைப்படி கையளிப்பது 'சட்டம் கொடுத்தல்' எனப்படும். அதன்பின் இரவிரவாகப் பயிற்சி. சதங்கை அணிதல், கிழமைக் கூத்து, அடுக்குப் பார்த்தல் எனப் படிப்படியாக மாதங்கள் கழிந்த பின்னரே அரங்கேற்றம். அதற்கிடையில் ஊரிலுள்ள சிறுவருக்கும் அப்பாட்டுகள் மனனமாகிவிடும். ஆகவே களரியைச் சுற்றி அமர்ந்திருப்போர் வெறும் பார்வையாளர் அல்லர். தாளம் பிசகினாலும் சொல் தவறினாலும் அக்கணமே அறியும் நடுவர்கள். நடிகன் தானே ஆடுவான், தானே பாடுவான். பிற்பாட்டுக்காரர் அவனுடைய குரலைத் தாங்குவரேயன்றி, அவனுக்குப் பதிலாகக் குரல் கொடுப்பதில்லை.

இக்காலப் பயிற்சியைச் சுருக்காமல் ஆட்டநேரத்தை மட்டும் சுருக்கலாம் என்பதைப் பேராசிரியர் சு. வித்தியானந்தன் செயலிற் காட்டினார். பேராதனைப் பல்கலைக்கழக மாணவர்களைக் கொண்டு 1962இல் கர்ணன் போர், 1963இல் நொண்டி நாடகம், பின்னர் இராவணேசன், 1968இல் வாலிவதை ஆகியவற்றை அவர் மேடையேற்றினார். விடியவிடிய ஆடப்பெற்ற கூத்து ஓரிரு மணி நேரத்துள் அடங்கியது. ஆயின், மாணவரைப் பழக்குதற்கு வந்தாறுமூலைச் செல்லையா அண்ணாவியார் வரவழைக்கப்பட்டார். அவர் பிறந்த அவ்வூரிலேயே இன்று கிழக்குப் பல்கலைக்கழகம் அமைந்துள்ளது என்பதை நம் மாணவர் பலர் அறியார். குறைந்தது மேடையில் நின்ற நேரமே. சட்டத்தோடு வாழ்ந்த காலம் குறையவில்லை. கூத்து தரம் இழக்காது நகர மேடைக்கு வந்தமைக்கு இதுவே காரணம் என்பது என் எண்ணம்.

தொலைக்காட்சியில் நிகழ்ந்தது இதற்கு நேர்மாறானது. நம் நாட்டில் 1982 பெப்ரவரியில் ரூபவாஹினி தொடங்கியபோதும், இந்தியாவில் தூரதர்ஷன் கோலோச்சியபோதும், நாடகங்கள் பெரும்பாலும் வாரமொரு முறையே வந்தன. தூரதர்ஷன் தொடர்களுட் பல 13 வாரங்களுக்கு என வரையறுக்கப்பட்டவை. தொடக்கத்திலேயே முடிவு தெரிந்தமையால் நடிகர் தம் பாத்திரத்தின் முழு வடிவத்தையும் மனத்திற்கொண்டு நடிக்க முடிந்தது. 1993 ஏப்ரலில் சன் தொலைக்காட்சி தோன்றிய பின்னரும் சில ஆண்டுகள் இந்நிலை ஓரளவு நீடித்தது. மர்மதேசம் வாரத் தொடராகவே மக்களை ஈர்த்தது. பின்னர் நாள்தோறும் வரும் நெடுந்தொடர் வேரூன்றியது. 1999இல் தொடங்கிய சித்தி அதன் வெற்றியை நிலைநாட்டியது. 2003 முதல் 2009 வரை ஓடிய கோலங்கள் 1500க்கு மேற்பட்ட பகுதிகளைக் கண்டது. விளம்பரமும் பார்வையாளர் தொகையும் உள்ளவரை கதை நீளும்; நாளைய வசனம் இன்றுதான் எழுதப்படும். தன் பாத்திரம் நல்லதா தீயதா என்பதே அடுத்த மாதம் மாறக்கூடுமாயின், நடிகன் எதனைப் பயில்வான்? கண்ணை உருட்டுவதும் முகத்தைச் சட்டெனத் திருப்புவதும் அவனுக்குப் புகலிடமாகின்றன. அவன் திறமையற்றவன் என்று கூறுவது நியாயமன்று. அவனுக்கு எவரும் சட்டம் கொடுக்கவில்லை. குரல்மாற்றுத் தொடர்களிலோ அவனுடைய குரலும் அவனிடமிருந்து பறிபோகின்றது.

இவ்வகையில் தாய்லாந்தும் நமக்கு அயலன்று. அங்கு தொலைக்காட்சி நாடகத்தைக் குறிக்கும் 'லகோன்' என்னும் சொல் பழைய ஆடல் நாடகத்துக்கும் உரியது. இராமகாதையை ஆடும் 'கோன்' முகமூடி நாடகத்தில், ஆடவன், பெண், அரக்கன், குரங்கு ஆகிய நான்கனுள் எவ்வகைப் பாத்திரத்துக்கு மாணவன் ஏற்றவன் என்பதை அவனுடைய உடல்வாகு கொண்டு ஆசான் தெரிந்து, இளமையிலிருந்தே அதிற் பழக்குவார். நம் அண்ணாவிமாரின் செயலும் இத்தகையதே. சொல் ஒன்றாயிருந்தும், களரியிலிருந்து திரைக்கு வரும்போது பயிற்சி உடன்வருமா என்பது அவர்களுக்கும் நமக்கும் பொதுவான வினா.

பழையன யாவும் நல்லன என்பது என் கட்சியன்று. கூத்துக்களரியில் நெடுங்காலம் பெண் பாத்திரங்களையும் ஆடவரே ஆடினர். பெண்கள் பாயில் அமர்ந்து பார்த்தனர். தொலைக்காட்சியோ சித்தியில் ராதிகாவையும் கோலங்களில் தேவயானியையும் கதையின் நடுவில் நிறுத்திற்று. அன்றாடம் உழைத்துக் களைத்த நம் தாய்மார் அக்கதைகளிலே தம் துயரைக் கண்டனர் எனின், அதனை எள்ளிநகையாட எனக்கு உரிமையில்லை. சிறப்பாக, எனக்கில்லை.

ஏனெனில் எனக்கும் ஒருமுறை சட்டம் கொடுத்தார்கள். ரூபவாஹினி தொடங்கிய அதே ஆண்டில், ஊரிலே பழக்கிய கூத்தில் அபிமன்யுவின் பாத்திரம் எனக்கு வாய்த்தது. ஒரே வரவு ஆட்டத்தை இரவுக்கிரவு ஆடவைத்தார் அண்ணாவியார். கால் வீங்கிற்று, சலிப்பு மிகுந்தது. பல்கலைக்கழகப் புகுமுகத் தேர்வைக் காரணங்காட்டி இரண்டு கிழமையில் ஏட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். பெரியப்பா ஒரு சொல்லும் சொல்லவில்லை. அபிமன்யுவுக்கு வேறொருவன் ஆடினான். நான் பாயிலிருந்து பார்த்தேன். வெகுகாலத்தின் பின் எங்கள் ஊருக்கு மின்சாரம் வந்தபோது, முதன்முதலாகப் பெரியப்பா வீட்டுக்குத் தொலைக்காட்சிப் பெட்டி வாங்கிக் கொடுத்தவனும் நானே.

இன்று கல்லடியிலுள்ள சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்திலே நாடகம் பயிலும் இளைஞர் உள்ளனர். கைப்பேசியிலேயே குறும்படம் எடுக்கும் ஆற்றலும் நம் மாணவர்க்கு உண்டு. நாளை இவ்வாவிக்கரையிலிருந்து ஒரு திரைநாடகம் எழுமாயின், கருவிகளைப் பற்றி விசாரிக்குமுன் அவர்கள் ஒன்றைத் தீர்மானித்தல் வேண்டும்: நடிகனுக்கு எத்தனை மாதம் கொடுக்கப்போகிறோம்? முழுக் கதையையும் அவன் கையில் கொடுத்துவிட்டுத் தொடங்குவோமா?

பெரியப்பா இப்போது இல்லை. அவருடைய துரியோதனன் சட்டம் என்னிடம் இருக்கிறது. சில தாள்களின் விளிம்பைக் கறையான் அரித்துவிட்டது. எஞ்சிய பாட்டுகளை வாசிக்க என்னால் முடிகிறது. ஆடத்தான் தெரியவில்லை.