தாயின் கைக்கும் ஒரு வேலை

கிறிஸ்துமஸ் காலத்தில் மேலைநாட்டுச் சபைகள் பலவற்றில் கைவினைச் சந்தைகள் நடைபெறுவதுண்டு. அவற்றின் வருவாய், தத்தெடுக்கும் குடும்பங்களுக்கும் மிஷனரி ஊழியத்திற்கும் உதவுகிறது. அத்தகைய பொருட்கள் கொல்கத்தாவின் சந்துகளிலும் உருவாகின்றன.

வடகொல்கத்தாவின் சோனாகாச்சி, உடலை விற்றுப் பிழைக்கும் நிலைக்குத் தள்ளப்பட்ட ஆயிரக்கணக்கான பெண்களின் பகுதி. 1999இல் நியூசிலாந்திலிருந்து கெர்ரி, ஆனி ஹில்டன் தம்பதியினர் பிள்ளைகளோடு இந்நகருக்கு வந்தனர். 2001இல் 20 பெண்களுக்குச் சணல் பை தைக்கும் வேலை கொடுத்து 'ஃப்ரீசெட்' நிறுவனத்தைத் தொடங்கினர். 2006இல் தோன்றிய 'சாரி பாரி' பெண்களுக்குக் காந்தாத் தையலைக் கற்பித்தது. பழைய புடவைகளை அடுக்கி, நூலோட்டிப் போர்வையாக்குவதே காந்தா. பிறக்கப்போகும் குழந்தைக்கென்று வங்கத்துப் பாட்டிமார் தைத்துவைக்கும் பொருள் அது.

தத்தெடுத்தல் என்றதும் இந்நகரில் நினைவுக்கு வருவது, 1955இல் அன்னை தெரசா தொடங்கிய சிசு பவன். அங்கிருந்து பல குழந்தைகள் புதிய பெற்றோரிடம் சென்றனர். 2015இல் அரசின் புதிய விதிகளை ஏற்க இயலாமல், அன்னையின் சபை தத்துக் கொடுக்கும் பணியை நிறுத்திக்கொண்டது. இன்று தத்தெடுக்க விரும்புவோர் மத்திய அரசின் 'காரா' அமைப்பில் பதிவுசெய்ய வேண்டும். பணம் கொடுத்துக் குழந்தை பெறுவது குற்றம்.

தத்தெடுத்தல், பெற்றோரற்ற பிள்ளைக்கு வீடு தருகிறது. தாய்க்குக் கிடைக்கும் கூலியோ, வறுமையால் பிள்ளை வீட்டை இழக்காதபடி காக்கிறது. பிழைப்புத் தேடிப் பட்டணம் வந்த நமக்கு, கைக்கு வேலை கிடைப்பதன் அருமை தெரியும். யோப்பாவின் தொற்காள் விதவைகளுக்காகத் தைத்தாள். இங்கே எளிய பெண்களே தைக்கிறார்கள். சபைச் சந்தையில் ஒரு பையை எடுக்கும்போது பேரம் பேசாதிருப்போம். தைத்தவளுக்குக் கூலி எவ்வளவு என்று கேட்போம்.