அத்தோவும் அத்திப்பட்டும்

உணவு என்பது வயிற்றுப் பசியைத் தணிப்பதற்கு மட்டும் உரிய பொருளன்று. ஒரு மக்கள் கூட்டம் எங்கே வாழ்ந்தது, எவ்வழியே வந்தது என்பதை ஏட்டில் எழுதாமலே எடுத்துரைக்கும் வரலாறும் அதுவே. சான்பிரான்சிஸ்கோவில் சீனர் உணவுக் கடைகளும், நியூயார்க் தெருக்களில் எகிப்தியர் தள்ளுவண்டிகளும் உண்டெனப் படிக்கிறோம். அவ்வளவு தொலைவு போவானேன்? அத்திப்பட்டில் மின்சார ரயில் ஏறி, சென்னைக் கடற்கரை நிலையத்தில் இறங்கினால் போதும். பர்மா தேசமே நம் தட்டில் வந்து நிற்கும்.

நிலையத்திற்கு எதிர்ப்புறத் தெருக்களில் மாலை வேளையில் அத்தோக் கடைகள் களைகட்டும். மஞ்சள் நிற நூடுல்ஸ், பொடியாய் நறுக்கிய கோஸ், வெங்காயம், பொன்னிறமாய் வறுத்த பூண்டு, புளித்தண்ணீர், மிளகாய்த்தூள் எல்லாவற்றையும் கடைக்காரர் கையாலேயே பிசைவார். 'பேஜோ' என்னும் மொறுமொறு தட்டையை அதன்மேல் நொறுக்கிப் போடுவார். பக்கத்தில் வாழைத்தண்டு சூப் கொதிக்கும். வேக வைத்த முட்டையைப் பிளந்து, வறுத்த வெங்காயம் திணித்துத் தருவதும் உண்டு. அத்தோ என்ற சொல்லுக்குப் பர்மிய மொழியில் கலந்து பிசைந்தது என்றே பொருள். பர்மாவின் செய்முறையும் நம் நாக்கின் காரமும் கலந்த அந்தத் தட்டுக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் ஏது?

இந்தச் சுவைக்குப் பின்னே கண்ணீர்க் கதை ஒன்று உண்டு. 1962-இல் பர்மாவில் இராணுவ ஆட்சி வந்தது. 1964-இல் கடைகளும் வணிகமும் அரசுடைமையாயின. தலைமுறை தலைமுறையாய் அங்கே வாழ்ந்த தமிழர் பலர், சேர்த்ததையெல்லாம் விட்டுவிட்டுக் கப்பலேறிச் சென்னைத் துறைமுகத்தில் இறங்கினர். வியாசர்பாடியிலும் எண்ணூரிலும் குடியேறினர். 1969-இல் பர்மா பஜார் தோன்றியது.

எண்ணூரிலிருந்து வரும் என் வகுப்புத் தோழனின் பாட்டி, சிறுமியாய் அக்கப்பலில் வந்தவர். ஒருநாள் அவர் வீட்டுத் திண்ணையில் அத்தோ பிசைந்து கொடுத்தபடியே சொன்னார்: "ரங்கூன்ல எங்கள 'கலா'ன்னாங்க, வெளிநாட்டுக்காரன்னு. இங்க வந்தா 'பர்மாக்காரி'ன்னாங்க. எங்கம்மா தெருவுல கடை போட்டு, கையில தட்டக் கொடுத்த பொறவுதான் தம்பி, பேரு சொல்லிக் கூப்பிட்டாங்க."

அந்தச் சொல் என் நெஞ்சை விட்டு அகலவில்லை. காரணம் நம் ஊரிலேயே இருக்கிறது. அனல்மின் நிலையமும் துறைமுகமும் உள்ள அத்திப்பட்டுப் பகுதிக்குப் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் எத்தனையோ தொழிலாளர் வந்திருக்கின்றனர். வேலை முடிந்து திரும்பி, வறுகடலை மாவை உள்ளே பொதிந்து லிட்டி சுட்டு உண்கின்றனர். அவர்களை 'வடக்கத்தியான்' என்று ஒரே சொல்லில் அடக்கி, விலகி நடப்போர் நம்மில் இல்லையா? பிழைப்புத் தேடி வந்தவனின் தட்டை ஏளனம் செய்வோர், அன்று ரங்கூனில் நம்மவர் கேட்ட ஏளனத்தையும் எண்ணிப் பார்க்க வேண்டாமா?

வந்தாரை வாழ வைக்கும் தமிழகம் என்று மேடைதோறும் பெருமை பேசுகிறோம். அந்தப் பெருமை மேடையில் இல்லை; பக்கத்தில் அமர்ந்து பகிர்ந்து உண்பதில்தான் இருக்கிறது. அத்தோவை நம்முடையதாக்கிக்கொண்ட நாக்கு, நாளை லிட்டியையும் வரவேற்கும். அதற்கு முன்பே அதைச் சுடும் மனிதரின் பெயரைக் கேட்டறிவோமாக!