விசுவாசிக்கு வந்த சந்தேகம்

2008 ஜூன் கடைசி ஞாயிறு. கலிஃபோர்னியாவின் மார்மன் சபைகளில் தலைமையின் கடிதம் ஒன்று வாசிக்கப்பட்டது. ஆணுக்கும் பெண்ணுக்கும் நடப்பது மட்டுமே திருமணம் என்று மாநில அரசியல் சட்டத்தில் எழுத வேண்டும், அதற்கான ‘ப்ரொபோசிஷன் 8’ ஜெயிக்க உங்கள் பணத்தையும் நேரத்தையும் தாருங்கள் என்பது அதன் சாரம்.

பலர் கொடுத்தார்கள். நவம்பரில் 52 சதவீத வாக்குகளோடு அது நிறைவேறியது. ஆனால் சபைக்குள்ளேயே சிலருக்கு மனசு கேட்கவில்லை.

இவர்கள் நாத்திகர்கள் அல்ல. தசமபாகம் கொடுப்பவர்கள். சபைத் தலைவரைத் தீர்க்கதரிசி என்று நம்புகிறவர்கள். சிக்கலே அங்கேதான்! அரசியல்வாதி சொன்னால் மறுத்துவிட்டுப் போகலாம். தீர்க்கதரிசி சொன்னால்?

சந்தேகம் வெளியிலிருந்து வரவில்லை, சபையின் சொந்தச் சரித்திரத்திலிருந்தே வந்தது. 19ஆம் நூற்றாண்டில் மார்மன்களிடம் பலதார மணம் இருந்தது. அமெரிக்க அரசு அவர்களைச் சிறையில் தள்ளியது, சபையின் சொத்தைப் பறித்தது. 1890இல் சபை பணிந்தது. ‘உன் கல்யாணம் கல்யாணமே இல்லை’ என்று அரசு சொன்னால் எப்படி வலிக்கும் என்று அறிந்த சபை, அதையே இன்னொருவருக்குச் சொல்லலாமா?

2015இல் இன்னொரு விதி வந்தது. ஒரே பாலினத் தம்பதியோடு வாழும் பிள்ளைகளுக்கு 18 வயதுவரை ஞானஸ்நானம் இல்லை. 2019இல் அதைச் சபையே விலக்கிக்கொண்டது. திருமணம் பற்றிய போதனை மட்டும் மாறவில்லை.

தலைமையே திருத்திக்கொண்டதை அதற்கு முன்பே தவறு என்று நினைத்த விசுவாசி, விசுவாசத்தில் குறைந்தவரா? யோசித்துப் பாருங்கள்.