ஆயிரத்தில் ஒருவனும் ஒரு நைட் டூட்டியும்

'ஆயிரத்தில் ஒருவன்' படத்தை யாராவது மறுபடி பார்த்துட்டு "இதைப் போய் அன்னைக்குக் கொண்டாடாம விட்டுட்டோமே"ன்னு போஸ்ட் போடும்போதெல்லாம் எனக்குக் கொஞ்சம் கூசும். கொண்டாடாம விட்டவங்கள்ல நானும் ஒருத்தன். த்ரெட் கொஞ்சம் நீளம், பொறுத்துக்கோங்க.

2010 பொங்கல் ரிலீஸ். நான் எம்பிபிஎஸ் ரெண்டாம் வருஷம். ஹாஸ்டல்லேர்ந்து பன்னிரண்டு பேர் சேலத்துல ஒரு தியேட்டர்ல ஒரே வரிசையில உக்காந்தோம். எம்ஜிஆர் 1965ல நடிச்ச படத்தோட பேரு, கார்த்தி, அந்தப் பழைய படத்துப் பாட்டுக்கு ஒரு ரீமிக்ஸ். முதல் பாதி விசில்லயே போச்சு.

இடைவேளைக்கு அப்புறம்தான் பார்த்திபன் வர்றார். கதை தெரியாதவங்களுக்கு: 1279ல பாண்டியர் கிட்ட தோத்த சோழர்கள் இளவரசனையும் கொஞ்சம் ஜனங்களையும் ரகசியமா அனுப்பி வைக்கிறாங்க. அவங்க வாரிசுங்க வியட்நாம் பக்கம் ஒரு தீவுல மறைஞ்சு வாழறாங்க. பசி, பஞ்சம். ஊர்லேர்ந்து ஒரு நாள் தூதன் வருவான், தஞ்சைக்குத் திரும்பிடலாம்னு தலைமுறை தலைமுறையா காத்திருக்காங்க.

அவங்க பேசுற பழந்தமிழைக் கேட்டு தியேட்டர் சிரிச்சது. கரி பூசின உடம்பு, பசியில கறித்துண்டுக்கு அடிச்சுக்கிற கூட்டம்... சிரிப்பு இன்னும் கூடுச்சு. எங்க வரிசையில சத்தமா கமென்ட் அடிச்சவன் நான்தான். ராஜா மாதிரியே பேசிக்காட்டி ஹாஸ்டல்ல ஒரு வாரம் நல்ல பேரு வாங்கினேன்.

அப்புறம் வருஷங்கள் ஓடி, போஸ்டிங் ஏற்காட்டுல.

இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி வர்றவங்களுக்கு ஏற்காடுன்னா ஏரி, படகு, காபி, மிளகு. ஓபியில உக்காந்தா தெரியறது வேற ஏற்காடு. சேர்வராயன் மலையோட பழங்குடி மக்களுக்கு 'மலையாளி'ன்னு பேரு. கேரளாவுக்கும் இவங்களுக்கும் சம்பந்தமில்ல, மலையை ஆள்றவங்க, பேசுறது தமிழ். (சாதிச் சான்றிதழ் வாங்கப் போற எடத்துலயே இதை விளக்க வேண்டியிருக்குன்னு சொல்லுவாங்க.) இவங்க வாய்மொழிக் கதைப்படி காஞ்சிபுரத்துலேர்ந்து வந்த மூணு அண்ணன் தம்பிங்களோட வழி. பெரியண்ணன் சேர்வராயன் மலைக்கு, நடுவண்ணன் பச்சமலைக்கு, சின்னண்ணன் கொல்லிமலைக்கு.

இந்தக் கதையை முதல்ல எனக்குச் சொன்னது எங்க ஆஸ்பத்திரில வேலை செய்யற ஒரு அக்கா. கேட்ட உடனே ஞாபகம் வந்தது பார்த்திபன் முகம்தான். ராஜ்ஜியத்தை விட்டுட்டு கண்காணாத இடத்துக்குப் போன ஜனம், அவங்களுக்குன்னு ஒரு தமிழ். இதைப் பார்த்துத்தானே சிரிச்சோம்?

ஒரு நைட் டூட்டி. மழை. வார்டுல காய்ச்சலுக்கு ட்ரிப் போட்ட ஒருத்தரைத் தவிர யாரும் இல்ல. டிவில அந்தப் படம். அக்கா வாசப்படியில உக்காந்து பார்த்தாங்க. தீவு ஜனங்க வந்ததும் சொன்னாங்க:

"இவங்களுக்கு எதுக்கு சார் இம்புட்டு கரியைப் பூசி வுட்டுருக்காங்க? ராசா வூட்டு ஜனம்னுதான சொன்னாங்க?"

என்கிட்ட பதில் இல்ல. பழந்தமிழ் வசனம் வந்தப்போ அவங்க சிரிக்கல. "கீழ பஸ்ஸுல நாங்க பேசுனா திரும்பிப் பாத்துச் சிரிப்பாங்க சார்"ன்னு மட்டும் சொன்னாங்க. இங்க 'கீழ'ன்னா சேலம். கீழ ரெஃபர் பண்றேன்னு சொன்னா ஏன் பாதிப் பேர் 108 வந்தும் ஏற மாட்டேங்கிறாங்கன்னு எனக்கு ரொம்ப நாளா எரிச்சல். பயம், அறியாமைன்னு ஈஸியா எழுதிட்டுப் போயிருக்கேன்.

கிளைமாக்ஸ். துப்பாக்கியோட ராணுவம், கல்லும் வேலுமா நிக்கிற ஜனம். அப்புறம் பிடிபட்ட பெண்களுக்கு நடக்கிறது. அக்கா எழுந்துட்டாங்க. "எங்க சின்னம்மாவை அரூர் பக்கம் கட்டிக் குடுத்துருக்கு சார். அதெல்லாம் பாக்க முடியாது."

அரூர் பக்கம்னா வாச்சாத்தி. சித்தேரி மலை அடிவாரம், அங்கயும் இதே மலையாளி ஜனங்கதான். 1992 ஜூன் 20, சந்தனக்கட்டை தேடறோம்னு வனத்துறை, போலீஸ், வருவாய்த்துறைக்காரங்க ஊருக்குள்ள புகுந்தாங்க. வீடுகளை நொறுக்கினாங்க. 18 பெண்களை நாசம் பண்ணினாங்க. கைக்குழந்தையோட பெண்களைக் கொண்டுவந்து அடைச்சது சேலம் மத்திய சிறையில. அது இருக்கிறது அஸ்தம்பட்டியில, நான் வாரா வாரம் பஸ்ல கடக்கிற எடம். குற்றம் சாட்டப்பட்டவங்க 269 பேர். 2011 செப்டம்பர் 29ல தருமபுரி நீதிமன்றம் தீர்ப்பு சொன்னப்போ 54 பேர் செத்துப்போயிருந்தாங்க, மிச்சம் 215 பேருக்கும் தண்டனை. 2023ல அதே செப்டம்பர் 29ல உயர் நீதிமன்றம் அதை உறுதி பண்ணுச்சு. கணக்குப் போட்டா 31 வருஷம். அத்தனை பேரும் அரசு ஊழியர்கள். நானும் அரசு ஊழியன்.

படம் வாச்சாத்தியைப் பத்தினதுன்னு நான் சொல்லல. முள்ளிவாய்க்காலுக்கு எட்டு மாசம் கழிச்சு வந்த படம், பெரும்பாலானவங்க அதை அப்படித்தான் படிச்சாங்க, அதுல நியாயம் இருக்கு. 2021 டிசம்பர் 31ல திரும்ப ரிலீஸ் ஆனப்போ, முன்ன சிரிச்ச வசனத்துக்கெல்லாம் கைதட்டல். 'காலத்தை மிஞ்சின படம்'னு நானும் ஸ்டேட்டஸ் வச்சேன். ரெண்டாம் பாகம் 2024லன்னு அறிவிச்சாங்க, வரல, அது வேற கதை. ஆனா அக்கா கேட்ட இன்னொரு கேள்வியை, சிரிச்ச நாங்களும் கேக்கல, கொண்டாடின நாங்களும் கேக்கல.

"அந்தப் பொண்ணுங்கள எதுக்கு சார் அவ்வளவு நேரம் காட்றாங்க?"

இன்னும் எனக்குப் பிடிச்ச படம்தான். அந்தக் கடைசிப் பகுதியை மட்டும் இப்போ முழுசா பார்க்கிறதில்ல.

அன்னைக்கு ராத்திரி அக்கா டிவி பக்கம் திரும்ப வரல. ட்ரிப் பாட்டிலைப் பார்க்கப் போயிட்டாங்க. காலைல டூட்டி முடிஞ்சு, பையை எடுத்துக்கிட்டுக் கிளம்பும்போது வாசல்ல நின்னு கேட்டாங்க.

"அந்த ராசா என்ன ஆனாரு சார்?"

"செத்துட்டாருக்கா."

"ராசா மவன் ஒருத்தன் இருந்தானே, சின்னப் பையன்?"

"அவனைத் தூக்கிக்கிட்டு கார்த்தி தப்பிச்சுப் போயிடுவார்க்கா."

"பொழச்சிக்கிட்டானா? சரி சார், வரேன்."