ஏ.எஸ்.ஓ. 480

ரிப்போர்ட்ல ஒரு நம்பரைத் தடிச்ச எழுத்துல அடிச்சிருந்தா போதும், நம்ம ஆளுங்க கண்ணுக்கு மிச்சம் எதுவும் தெரியாது.

தங்கச்சி பையனுக்கு எட்டு வயசு. ஒரே வாரத்துல ஆளே மாறிட்டான். சும்மா சும்மா கை கழுவறான், கண்ணைச் சிமிட்டறான், ராத்திரி அம்மா புடவையை விடாம அழறான். காத்து கருப்பு, கிரிவலப் பாதையில ஒரு சாமியார்கிட்ட மந்திரிங்கன்னு சிலர். செல்லம் குடுத்துக் கெடுத்துட்டேன்னு தங்கச்சியைத் திட்டினவங்க மிச்சப் பேர். அப்பத்தான் ரத்தப் பரிசோதனையில ஏ.எஸ்.ஓ. 480ன்னு வந்துச்சு. 200க்குள்ள இருக்கணுமாம்.

"பாத்தியாண்ணா, இது கிருமி பண்ற வேலை, என் வளர்ப்பு இல்ல"ன்னு அழுதா. அந்தக் காகிதத்தை அவகிட்டேர்ந்து பிடுங்க எனக்கு மனசே வரல.

விஷயம் இல்லாமலும் இல்ல. தொண்டையில ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமி வந்தா உடம்பு ஆன்டிபாடி தயாரிக்கும். சில குழந்தைங்களுக்கு அது ஆள் மாறி மூளையைத் தாக்கும். கை கால் தானா ஆடுற கொரியாவை 1686லயே சிடன்ஹாம் எழுதி வச்சார். அதுக்கும் இந்தக் கிருமிக்கும் உள்ள தொடர்பு ரொம்பப் பின்னாடிதான் தெரிஞ்சுது. 1998ல அமெரிக்காவுல சூசன் ஸ்வீடோ குழு, திடீர்னு இப்படி மாறின 50 குழந்தைங்களைப் பத்தி எழுதி 'பாண்டாஸ்'னு பேர் வச்சாங்க. அதைப் பத்தின சண்டை இன்னும் ஓயல.

ஆனா ஏ.எஸ்.ஓ. அளக்கறது மூளையைத் தாக்கற ஆன்டிபாடியை இல்ல. கிருமி விடற ஒரு நஞ்சுக்கு எதிரா உண்டானதை. பௌர்ணமிக்கு மறுநாள் கிரிவலப் பாதையில குப்பையைப் பாத்தா கூட்டம் வந்துபோனது தெரியும். உங்க திண்ணையில இருந்த சொம்பை எடுத்தது யாருன்னு தெரியுமா? பள்ளிக்கூடம் போற வயசுல தொண்டை வலி சகஜம். நல்லா விளையாடற பிள்ளைக்கும் இந்த அளவு ஏறியிருக்கலாம், மாசக்கணக்குல இறங்காமலும் இருக்கலாம். கொரியா மாதிரி தாமதமா வர்ற நோய்ல அது இறங்கியே போயிருக்கலாம். அதனால நார்மல்னு வந்தாலும் நிம்மதியா இருந்துட முடியாது.

மூளைக்கு எதிரான ஆன்டிபாடிகளையே பாக்கற கன்னிங்ஹாம் பேனல்னு ஒண்ணு இருக்கு. ஸ்வீடன்ல 2017ல வெளியான ஆய்வுல, நல்லா இருக்கறவங்கள்லயே பெரும்பாலானவங்களுக்கு ஏதாவது ஒண்ணு கூடுதலா காட்டுச்சு.

ரெண்டு மணி நேர பஸ்ல வேலூர் போனோம். டாக்டர் ரிப்போர்ட்டை ஓரமா வச்சுட்டுப் பையனைப் பாத்தார். நாக்கை நீட்டச் சொன்னார், தன் விரலைப் பிடிக்கச் சொன்னார், பேரை எழுத வச்சார். கொரியா இல்ல. இதயத்துக்கு எக்கோவும் எடுத்தாச்சு, சுத்தம். சில வாரம் கழிச்சு மறுபடி ரத்தம் எடுத்தப்ப 470. புதுசா ஏறல.

பாண்டாஸ்னும் சொல்லல, இல்லைன்னும் அடிச்சுச் சொல்லல. "காரணம் எதுவா இருந்தாலும் கை கழுவற பயத்துக்கு நடத்தைப் பயிற்சி உண்டும்மா. அதை இன்னைக்கே ஆரம்பிக்கலாம். அந்த நம்பர் இல்லாட்டியும் இது வளர்ப்புல வந்த கோளாறு இல்ல"ன்னார். தங்கச்சி அந்தக் காகிதத்தை மடிச்சுப் பையில வச்சா.

இப்ப நாலு மாசம் ஆச்சு. சாப்பாட்டுக்கு முன்னாடி ஒரு தரம் கழுவறான். சில நாள் மூணு தரம். உங்க வீட்ல யாருக்காவது இந்த டெஸ்ட் எழுதிக் குடுத்தா, ஒரே ஒரு கேள்வி கேளுங்க: கூடுதலா வந்தா என்ன செய்வீங்க, நார்மலா வந்தா என்ன செய்வீங்க? ரெண்டுக்கும் ஒரே பதில்னா அவசரமே இல்ல.